15,000 ரூபாய்க்குள் முழு மேனுவல் ரேஞ்ச்ஃபைண்டர்: ஃபெட்-2 எடுக்கலாமா, கேனனெட் எடுக்கலாமா?

சத்துவாச்சாரி-35:

வணக்கம். ஃபிலிம் எஸ்எல்ஆர் பழக்கம் இருக்கு, ரேஞ்ச்ஃபைண்டர் (நடுப்பொட்டுல தெரியிற ரெண்டு பிம்பத்தைச் சேர்த்து ஃபோகஸ் பண்ற கேமரா) புதுசு. 15,000 ரூபாய்க்கு மேல போக முடியாது, அதுலயே ரெண்டு மூணு ரோலும் வாங்கணும். பேட்டரி செத்தாலும் கேமரா ஓடணும்ங்கிறதுதான் முதல் நிபந்தனை. எடுக்கப்போறது வேலூர் லாங் பஜார், கோட்டை அகழி, ஜலகண்டேஸ்வரர் கோவில் கல்யாண மண்டபத் தூண்கள்.

இப்போ விலைக்கு வந்திருக்கிறது நாலு:

ஃபெட்-2, இண்டஸ்டார்-26எம் லென்ஸோட.
ஸோர்க்கி-4, ஜூபிடர்-8 லென்ஸோட.
கேனனெட் கியூஎல்17 ஜி-III. வெளிச்சம் அளக்கிற மீட்டர் ஓடலைன்னு விக்கிறவரே சொல்றார்.
யாஷிகா எலக்ட்ரோ 35. பார்க்கப் புதுசு மாதிரி இருக்கு.

எதை எடுக்கலாம்? நேர்ல போய்ப் பார்க்கும்போது ஃபிலிம் போடாமலே எதையெல்லாம் சோதிக்க முடியும்?

பாலாற்றங்கரை:

எலக்ட்ரோவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். லென்ஸ் அருமையானதுதான், ஆனால் நீங்கள் கேட்டது மேனுவல். 1966-இல் வந்த அந்த வரிசையில் அபர்ச்சரை (லென்ஸின் துளை அளவை) மட்டும்தான் நீங்கள் வைக்கலாம், ஷட்டர் வேகத்தை மின்சுற்று முடிவு செய்யும். பேட்டரி இல்லாவிட்டால் எந்த வெளிச்சத்திலும் 1/500-இல்தான் அடிக்கும். உள்ளே ஒரு சின்ன ரப்பர் பேடு உண்டு. வயதாகி அது நொறுங்கிவிட்டால் எக்ஸ்போஷர் தாறுமாறாகிவிடும், சரிசெய்ய மேல்மூடியைக் கழற்ற வேண்டும். புதுசு போல இருப்பது வெளித்தோற்றம் மட்டுமே.

மீதி மூன்றும் பேட்டரி இல்லாமல் ஓடும். ஆனால் மூன்றும் ஒரே மாதிரி கெடுவதில்லை, தேர்வை அதைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். ஃபெட், ஸோர்க்கி இரண்டிலும் ரப்பர் பூசிய துணித் திரை ஃபிலிமுக்கு முன்னால் ஓடுகிறது. துணி ஓட்டையாகும், காய்ந்த எண்ணெயில் மெதுவாகும், ரேஞ்ச்ஃபைண்டர் தடம் விலகும். இவற்றில் பாதியை வீட்டு மேசையிலேயே சரிசெய்யலாம். கேனனெட்டில் லென்ஸுக்குள்ளேயே லீஃப் ஷட்டர். அதன் தகடுகளில் எண்ணெய் கசிந்து ஒட்டிக்கொண்டால் லென்ஸின் முன் கூட்டைப் பிரித்துத்தான் துடைக்க முடியும். ஸ்பேனர் சாவியும் பொறுமையும் வேண்டும், முதல் தடவையிலேயே சரியாக வராது.

ஃபெட், ஸோர்க்கி என்ற சோவியத் இரண்டில் என் ஓட்டு ஃபெட்-2க்கு. ரேஞ்ச்ஃபைண்டரின் இரண்டு கண்களுக்கும் இடையே அதில் 67 மில்லிமீட்டர். ஸோர்க்கி-4-இல் அது 38 மட்டும்தான். இடைவெளி கூடக்கூடத் தூரத்தைப் பிரித்துக் காட்டும் நுணுக்கம் கூடும். எஃப்/2 அபர்ச்சரில், 1 மீட்டர் தூரத்தில் கூர்மையாக வரும் ஆழம் நாலரை சென்டிமீட்டர்தான். யாளியின் மூக்கில் ஃபோகஸ் வைத்தால் கண் மங்கிவிடும். அங்கே இந்த 67 கை கொடுக்கும். ஸோர்க்கியில் 1 நொடி முதல் 1/1000 வரை வேகம் உண்டு, ஃபெட்-2-இல் பழையவற்றில் 1/25 முதல் 1/500, பிந்தியவற்றில் 1/30 முதல் 1/500. மெதுவான வேகங்கள் இல்லாததைக் குறையாக நினைக்க வேண்டாம். அந்தப் பல்சக்கரத் தொகுதிதான் ஸோர்க்கியில் முதலில் அடங்கிப்போவது.

நேரில் பார்க்கும்போது ஃபெட்-2-இல் இப்படிச் செய்யுங்கள். அடியில் உள்ள இரண்டு சாவிகளைத் திருப்பினால் பின்பக்கமும் அடித்தட்டும் ஒன்றாகக் கழன்று வரும். லென்ஸையும் சுழற்றிக் கழற்றுங்கள். இருட்டான மூலையில் முன்பக்கமிருந்து செல்போன் டார்ச்சைத் திரையின் மேல் காட்டி, பின்பக்கமிருந்து பாருங்கள். நட்சத்திரம் போல ஒரு புள்ளி தெரிந்தாலும் அது ஓட்டை. ஏற்றும் குமிழைத் திருகி ஷட்டரை ஏற்றி மறுபடி பாருங்கள், ஏனென்றால் இரண்டு திரைகள், ஒவ்வொன்றாகத்தான் முன்னுக்கு வரும். பிறகு திரையை விரல் படாமல் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். சுருக்கமும் பளபளப்பும் இருந்தால் ரப்பர் இறுகிவிட்டது.

வேகத்தை போனின் 240 ஃப்ரேம் ஸ்லோமோஷனில் பார்க்கலாம். வானத்தைப் பின்னணியாக வைத்து எடுத்தால் 1/30-க்கு ஏறக்குறைய 8 ஃப்ரேம், 1/60-க்கு 4 ஃப்ரேம் திறந்திருக்க வேண்டும். 1/125-க்கு மேலே இந்த அளவுகோல் பயன்படாது. ட்யூப்லைட்டுக்கு முன்னால் எடுக்காதீர்கள், மினுக்கலில் ஏமாந்துபோவீர்கள்.

முக்கியமான எச்சரிக்கை: ஷட்டரை ஏற்றிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும். ஏற்றுவதற்கு முன் ஃபெட்-2-இன் வேகக் குமிழ் வேறு இடத்தில் நிற்கும், எந்த எண்ணில் வைத்தோம் என்பதே தெரியாது. ஸோர்க்கி-4-இல் ஏற்றாமல் திருப்பினால் உள்ளே உடையவும் செய்யும். விற்பவர் உங்கள் எதிரிலேயே ஏற்றாமல் குமிழைத் திருகினால், அந்தக் கேமரா இதுவரை எப்படிக் கையாளப்பட்டது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்று. பித்தளை மின்ன, கழுகு முத்திரையோடு "ஜெர்மன் லைகா" என்று யாராவது காட்டினால், பெரும்பாலும் அது ஃபெட்-1 அல்லது ஸோர்க்கி-1-க்குப் போட்ட வேஷம். ஃபெட் என்ற பெயரே ஃபெலிக்ஸ் எட்முண்டோவிச் ஜெர்ஜின்ஸ்கியின் முதலெழுத்துகள்தான். கார்க்கிவ் நகரில் மகரென்கோவின் ஆதரவற்ற சிறுவர் கம்யூனில் 1934-இல் தொடங்கிய தயாரிப்பு அது. அந்த வரலாறே போதும், கழுகு வேண்டாம்.

காட்பாடி ஜங்ஷன்:

மேலே சொன்னதில் பாதிக்கு நான் உடன்படவில்லை. லாங் பஜாரில் நடந்துகொண்டே எடுக்கப் போகிறவருக்குக் கேனனெட்தான் சரி. ஃபெட்-2-இன் வியூஃபைண்டரில் ஃப்ரேம் கோடே கிடையாது, மங்கல், கண்ணாடி போட்டவருக்கு ஓரம் தெரியாது. கேனனெட்டில் ஒளிரும் கோடு உண்டு, கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும்போது அந்தக் கோடு தானாக நகர்ந்து பாரலாக்ஸை (வியூஃபைண்டரும் லென்ஸும் பார்க்கும் இடத்தின் வித்தியாசத்தை) திருத்தும். 40 மில்லிமீட்டர், எஃப்/1.7. ஷட்டர் சத்தம் பக்கத்துக் கடைக்காரருக்குக் கூடக் கேட்காது. ஃபிளாஷ் எல்லா வேகத்திலும் ஒத்து வரும், ஃபெட்-2-இல் 1/25 அல்லது 1/30 மட்டும்.

சோதிக்கும் முறை: அபர்ச்சர் வளையத்தை ஆட்டோ நிலையிலிருந்து கட்டாயம் வெளியே எடுங்கள். ஆட்டோவில் மீட்டர் செத்திருந்தால் பட்டன் அழுந்தாமல் பூட்டிக்கொள்ளும். அதைப் பார்த்து ஷட்டர் போய்விட்டது என்று நினைத்து விட்டுவிடுபவர்கள் உண்டு. பின்கதவைத் திறந்து, எஃப்/1.7-இல் வைத்து, 1/4-இலிருந்து மேலே ஒவ்வொரு வேகமாக அடியுங்கள். தகடுகள் பாதியில் நிற்கிறதா, அடித்த பிறகு சோம்பலாக மூடுகிறதா என்று பாருங்கள். அடுத்து எஃப்/16. அபர்ச்சர் தகடுகள் உடனே சுருங்க வேண்டும். தகட்டில் எண்ணெய் மினுமினுப்பு இருந்தால் இப்போது ஓடினாலும் சித்திரை வெயிலில் நிற்கும். ஃபோகஸ் கிரீஸ் சூட்டில் இளகித் தகட்டுக்கு ஏறுவதுதான் காரணம். கேமராவைக் காரின் டேஷ்போர்டில் வைத்துவிட்டுப் போவது எல்லா மாடலுக்கும் ஆகாது, லீஃப் ஷட்டருக்கு அறவே ஆகாது.

பின்கதவு ஸ்பாஞ்ச் தொட்டாலே தார் மாதிரி ஒட்டும். அதற்கு விலை குறைத்துக் கேளுங்கள், ஆனால் பயப்பட வேண்டாம். பல்குத்தும் குச்சியால் சுரண்டி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, பள்ளத்தில் ஸ்வெட்டர் பின்னும் கறுப்பு உல்லன் நூலை அழுத்தி வைத்தால் போதும். கீல் பக்கம் மட்டும் வெல்வெட் பட்டை ஒட்டுங்கள். துடைக்கும்போது துகள் ஷட்டர் பக்கம் விழாதபடி கேமராவைக் கவிழ்த்துப் பிடியுங்கள்.

மீட்டர் ஓடவில்லை என்கிறார்களே, முதலில் பேட்டரி அறையைப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் வினிகரில் நனைத்த பஞ்சுக்குச்சி, பிறகு ஆல்கஹால். இது 1.35 வோல்ட் 625 பாதரச பேட்டரிக்குச் செய்த மீட்டர். அதே அளவில் வரும் 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால் முள் அதிகமாக ஏறும், படம் இருட்டாக வரும், பேட்டரி தேயத்தேயப் பிழையும் மாறும். நம்ம ஊருக்கு எளிய வழி காது மெஷின் பேட்டரி, 675 எண். ஜிங்க்-ஏர், 1.4 வோல்ட் சுற்றி நிற்கும். ஆற்காடு ரோட்டு மருந்துக் கடைகளிலும் காது மெஷின் கடைகளிலும் கேட்டுப் பாருங்கள். விட்டம் 11.6 மில்லிமீட்டர், அறையோ 16-க்கு. நடுவில் நிற்கக் குழாய் ரிப்பேர் சாமான் கடையில் ஒரு ஓ-ரிங் வாங்கிச் சுற்றுங்கள். ஒட்டியிருக்கும் தாளை உரித்து ஒரு நிமிடம் காற்றுப்பட விட்டு, காற்றுத் துளைகளை மறைக்காமல் போடுங்கள். தாளை மறுபடி ஒட்டினாலும் ஆயுள் திரும்பாது. வறண்ட வெயில் காலத்தில் சீக்கிரம் காய்ந்துவிடும்.

ஒரு விஷயம் சொல்லாவிட்டால் தப்பு: மேனுவலில் வைத்தால் கேனனெட்டின் மீட்டர் ஓடாது. முழு மேனுவல் மட்டும்தான் என்றால் மீட்டர் செத்ததே லாபம், விலை குறையும்.

நாலு தவிர வேறு வந்தால்: ஒலிம்பஸ் 35 ஆர்சி, 42 மில்லிமீட்டர் எஃப்/2.8, சட்டைப்பைக்கு ஓரளவு அடங்கும். மினோல்டா ஹை-மேட்டிக் 7எஸ், 45 மில்லிமீட்டர் எஃப்/1.8, செங்கல் கனம். இரண்டும் பேட்டரி இல்லாமல் ஓடும்.

சத்துவாச்சாரி-35:

ரெண்டு பேருக்கும் நன்றிண்ணா. கேனனெட்ல தகடு எண்ணெயாத்தான் இருந்துச்சு, 1/4-ல வச்சா திறந்தபடியே நின்னுடுச்சு. அதனால ஃபெட்-2 வாங்கிட்டேன். திரையில ஓட்டை இல்லை. ஆனா மூணு பிரச்சினை:

1. நடுப்பொட்டுல ரெண்டாவது பிம்பம் கொஞ்சம் மேலே நிக்குது. மலை உச்சி டவரைப் பார்த்தா, லென்ஸை இன்ஃபினிட்டியில (கடைசி தூரத்துல) வச்சும் பக்கவாட்டிலயும் சேரலை.
2. ஒரு ரோல் ஓட்டிப் பார்த்ததுல, 1/500-ல எடுத்த வானத்துல ஒரு பக்கம் படிப்படியா இருட்டு. 1/100-ல இல்லை.
3. மேல்தோல் ரெண்டு மூலையில உரிஞ்சு வருது.

இதுல எதை நானே தொடலாம்?

பாலாற்றங்கரை:

முதல் பிரச்சினையை நீங்களே செய்யலாம். ஆனால் திருகைத் தொடுவதற்கு முன் தப்பு பாடியிலா லென்ஸிலா என்று பிரித்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தைக் கழற்றி, ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தில் டிரேசிங் பேப்பரை விறைப்பாக ஒட்டுங்கள். தண்டவாளம் இரண்டு ஜோடி இருக்கும், உள் ஜோடியில் ஒட்ட வேண்டும். பி நிலையில் வைத்து ஒருவர் பட்டனை அழுத்திப் பிடிக்க, தலைக்கு மேல் கறுப்புத் துணி போட்டு, லென்ஸை முழுதாகத் திறந்து இன்ஃபினிட்டியில் வைத்து அதே டவரைப் பாருங்கள். பூதக்கண்ணாடியில் டவர் கூர்மையாக இருந்தால் லென்ஸ் சரி, ரேஞ்ச்ஃபைண்டர்தான் பொய் சொல்கிறது. மங்கலாக இருந்தால் லென்ஸின் பின் மரையில் உள்ள மெல்லிய வளையத் தகடு தொலைந்திருக்கலாம், அல்லது இரண்டாக இருக்கலாம். லென்ஸ் மவுண்டிலிருந்து ஃபிலிம் வரை 28.8 மில்லிமீட்டர், அதில் முடியளவு பிசகினாலும் எஃப்/2.8-இல் தெரியும். லென்ஸ் தப்பை ரேஞ்ச்ஃபைண்டர் திருகில் திருத்தப் போனால் இரண்டும் கெடும்.

லென்ஸ் சரி என்று வைத்துக்கொண்டு மேலே போவோம். ரிவைண்ட் குமிழுக்கு அடியில் உள்ள நெம்பைத் தள்ளி முதலில் உங்கள் பார்வைக்கு வியூஃபைண்டரைக் கூர்மையாக்குங்கள். இதைச் செய்யாமலே பிம்பம் சேரவில்லை என்று திருகை எடுப்பவர்கள் அதிகம்.

மேல்கீழ் விலகலுக்கு: முகப்பில் உள்ள சின்ன வட்டக் கண்ணாடியைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறது. அதைக் கழற்றினால் கண்ணாடியைச் சுழற்றலாம். அது ஒரு பக்கம் தடித்த ஆப்பு வடிவக் கண்ணாடி, சுழலும்போது பிம்பம் வட்டமாக நகரும். மேல்கீழ் சேர்ந்த இடத்தில் நிறுத்துங்கள், பக்கவாட்டு கலைந்தால் கவலை வேண்டாம். இடுக்கியால் பிடித்தால் வளையம் வழுக்கிக் கண்ணாடியில் கோடு விழும். மேசை நாற்காலியின் ரப்பர் பாதத்தை அழுத்திச் சுழற்றினாலே பெரும்பாலும் வந்துவிடும்.

பக்கவாட்டுக்கு: அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்தில், முகப்பில் இருக்கும் சின்னத் திருகு வெறும் மூடி. அதை எடுத்தால் உள்ளே சரிசெய்யும் திருகு. லென்ஸ் இன்ஃபினிட்டியில் முட்டி நிற்க, கடிகார ஸ்க்ரூ டிரைவரால் மிகக் கொஞ்சமாகத் திருப்புங்கள், கால் சுற்றுகூடப் பெரிய நகர்வு. இலக்கு குறைந்தது 300 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். வேலூரில் அதற்குப் பஞ்சமே இல்லை, எந்த மாடியில் நின்றாலும் ஒரு மலை இருக்கிறது. மத்தியானம் பாறைச் சூட்டில் விளிம்பு நடுங்கும், காலை 7 மணிக்குப் பாருங்கள். இரவில் நிலா இன்னும் சுத்தமான இலக்கு.

இனி 1 மீட்டர். ஃபிலிம் இருக்கும் தளத்திலிருந்து டேப்பால் சரியாக 1 மீட்டர் அளந்து, ஒரு செங்குத்துக் கோட்டை வைத்து, பொட்டில் பிம்பத்தைச் சேருங்கள். லென்ஸ் வளையமும் 1-இல் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால், லென்ஸைக் கழற்றியதும் மவுண்டுக்குள் தெரியும் நெம்பின் நுனியில் உள்ள ஆப்புத் துண்டைக் கொஞ்சம் சுழற்ற வேண்டும். சுழற்றினால் இன்ஃபினிட்டி கலையும், திரும்ப அதைச் சரிசெய்து, திரும்ப 1 மீட்டர். மூன்று நான்கு சுற்று போகும். கடைசியில் ஒரு ஸ்கேலை 45 பாகை சாய்த்து வைத்து, நடு எண்ணில் ஃபோகஸ் செய்து, எஃப்/2.8-இல் ஒரு படம். எந்த எண் கூர்மையோ அதுதான் தீர்ப்பு.

கோட்டைக்குப் போகும் முன் இன்னொரு சேதி. இந்தக் கேமராவில் எஸ்எல்ஆர் போல லென்ஸுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பும் கண்ணாடி கிடையாது. லென்ஸை மூடாமல் இன்ஃபினிட்டியில், அபர்ச்சர் திறந்தபடி கழுத்தில் தொங்கவிட்டுச் சூரியன் நேராக விழுந்தால், சில நொடிகளில் திரைத் துணி பொசுங்கி ஓட்டையாகும். பூதக்கண்ணாடியில் காகிதம் எரித்த கணக்குதான். மூடியைப் போடுங்கள். மூடியோடு எடுத்துவிடும் ஆள் என்றால், ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் 1 மீட்டருக்கும் கடைசி அபர்ச்சருக்கும் திருப்பிவிடுங்கள்.

ஆம்பூர் ஸ்கைவிங்:

ரெண்டாவதும் மூணாவதும் நான் சொல்றேன்.

1/500-ல ஒரு பக்கம் இருட்டுன்னா முதல் திரை மெதுவா ஓடுது, ரெண்டாவது அதைத் துரத்திப் பிடிக்குது, நடுவுல இருக்கிற இடுக்கு போகப்போகக் குறுகுது. முழுசா பிடிச்சிட்டா அந்தப் பக்கம் கறுப்புப் பட்டையா வரும். 1/100-ல இடுக்கு அகலம், அதனால வித்தியாசம் தெரியலை. இதைக் கண்டதும் ஸ்பிரிங்கை இறுக்கணும்னு எல்லாரும் ஓடுவாங்க. வேணாம். பாதிக்கு மேல காய்ஞ்ச எண்ணெய்தான் காரணம். முதல்ல ஃபிலிம் இல்லாம ஒரு நூறு தடவை எல்லா வேகத்துலயும் அடிங்க. பல மாசம் சும்மா கிடந்த கேமரா அதுலயே பாதி தேறும்.

தேறலைன்னா, கடிகார ரிப்பேர்க்காரர் கழுவுற வெள்ளைப் பெட்ரோலை ஊசி நுனியில தொட்டு, திரை உருளைகளோட ரெண்டு முனை அச்சுலயும் மட்டும் வைங்க. துணியில பட்டா ரப்பர் கரையும். காய்ஞ்சதும் கடிகார எண்ணெய் ஒரு புள்ளி, அதுவும் அச்சுல மட்டும். தையல் மிஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் வேண்டவே வேணாம், ஆறு மாசத்துல பிசினாயிடும். அடுப்படியில உக்காந்து இந்த வேலை செய்யாதீங்க, வெள்ளைப் பெட்ரோல் சட்டுனு பத்திக்கும். இதுக்கும் அடங்கலைன்னாதான் அடிப்பக்கத்துல இருக்கிற இழுவைத் திருகு. முதல் திரைக்கு மட்டும் கால் சுற்று, பிறகு சோதனை. ரெண்டையும் சேர்த்து இறுக்கினா வித்தியாசம் அப்படியே இருக்கும், துணி தைச்ச இடம்தான் பிய்யும். இதெல்லாம் பயமா இருந்தா 1/250 வரைக்கும் வச்சு எடுங்க, ஒண்ணும் குறைஞ்சு போகாது.

பின்னாடி எப்பவாவது ஊசி ஓட்டை வந்தா, கறுப்புத் துணி பெயிண்ட்டை ரெண்டு சொட்டுத் தண்ணியில இளக்கி, பல்குச்சியால அந்தப் புள்ளியில மட்டும். திரை முழுக்கப் பூசினா விறைச்சுப் போயி வேகம் குறையும். ஒரு நாள் அசையாம காய விடுங்க.

தோல் விஷயம். நம்ம பக்கத்துல இதுக்கு அலைய வேண்டியதே இல்லை. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எங்கேயும் ஷூ வேலையில மிஞ்சின துண்டு கிடைக்கும். அப்பர் தோல் கேக்காதீங்க, ஒரு மில்லிக்கு மேல தடிமன் வரும், லென்ஸ் மவுண்ட்டைச் சுத்தி எழும்பி நிக்கும். ஆட்டுத்தோல் லைனிங் கேளுங்க, 0.6 மில்லிக்குள்ள. தடிமனா இருந்தா, தோலைச் சீவி மெல்லிசாக்குற ஸ்கைவிங் மிஷின்ல 0.5-க்கு இறக்கித் தருவாங்க. பழைய தோல் முழுசா உரிஞ்சு வந்தா அதையே ஸ்கேன் பண்ணி அட்டையில வெட்டி வார்ப்பு ஆக்குங்க. நொறுங்குற ரகம்னா மேல பேப்பர் வச்சுப் பென்சிலால தேய்ச்சு விளிம்பை எடுத்துக்கிட்டு அப்புறமா உரிங்க. வெட்டும்போது புது பிளேடு, ஒவ்வொரு வளைவுக்கும் பிளேடு மாத்தணும்.

ஷூவுக்குப் போடுற சொல்யூஷன் மட்டும் ஆகாது. தோலுக்கு அடியில திருகு இருக்கு, நாளைக்கு ரிப்பேருக்குப் பிரிக்கணும்னா தோலைக் கிழிச்சுதான் எடுக்கணும். மெல்லிய டபுள்சைடு டேப் போதும். உங்களுக்கு உரிஞ்சிருக்கிறது ரெண்டு மூலைதானே, இப்போதைக்கு டேப்பை உள்ள விட்டு அழுத்துங்க.

அப்புறம், தோல் உறைக்குள்ள கேமராவை நிரந்தரமா வைக்காதீங்க. தோல் விக்கிற ஊர்க்காரனே சொல்றேன். ஐப்பசி கார்த்திகை மழையில தோல் ஈரத்தை இழுத்து வச்சுக்கும், லென்ஸ்ல பூஞ்சை வலை கட்டும். காத்துப் புகாத டப்பா, உள்ள சிலிக்கா ஜெல், மாசம் ஒரு தடவை வறுத்துத் திரும்பப் போடுங்க.

காட்பாடி ஜங்ஷன்:

ஃபெட் வாங்கியாச்சு, சரி. எக்ஸ்போஷருக்கு வருவோம். நம்ம ஊர் மத்தியான வெயிலுக்கு ஐஎஸ்ஓ 400 ஃபிலிம் இந்தக் கேமராவில் இடிக்கும். சன்னி 16 கணக்குப்படி (நேர் வெயிலில் எஃப்/16, வேகம் 1/ஐஎஸ்ஓ) எஃப்/16-இல் 1/400, உங்களிடம் இருப்பது 1/500. நகரவே இடமில்லை, அதிலும் உங்களுக்கு 1/500 நம்பத்தக்கதல்ல. எனவே வெளிப்புறத்துக்கு ஐஎஸ்ஓ 100 போடுங்கள்: ஃபோமாபேன் 100, கென்ட்மியர் 100, எஃப்பி4 என்றால் 125. அப்போது எஃப்/11-இல் 1/250. கறுப்பு வெள்ளையில் 400-தான் கையில் இருக்கிறது என்றால் 40.5 மில்லிமீட்டர் மஞ்சள் ஃபில்டர் போடுங்கள். ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சத்தைத் தின்னும், வானமும் கொஞ்சம் கறுக்கும், கோட்டைச் சுவர் எழும்பித் தெரியும்.

லாங் பஜாரில் ரேஞ்ச்ஃபைண்டரைக் கண்ணில் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். இண்டஸ்டாரில் எஃப்/11, 3 மீட்டர் என்று வைத்துவிட்டால் சுமார் 2.3-இலிருந்து 4.3 மீட்டர் வரை கூர்மை. எஃப்/16 என்றால் 2-இலிருந்து ஐந்தரை மீட்டர். நாலு எட்டுத் தூரத்துக்கு வந்தவுடன் அடித்துவிட வேண்டியதுதான்.

கல்யாண மண்டபம் வேறு கதை. வெளியே கண் கூசும், உள்ளே தூண் இருட்டு. போனின் லைட் மீட்டர் ஆப்பில் தூணின் நிழல் பக்கத்தை அளங்கள், வாசல் பக்கத்து வெளிச்சம் ஆப்பை ஏமாற்றும். ஐஎஸ்ஓ 400-உடன் எஃப்/2.8, 1/50 அல்லது 1/100-இலிருந்து தொடங்கிப் பாருங்கள். கிட்டத்தில் எடுக்கும்போது வியூஃபைண்டர் லென்ஸுக்கு மேலே இருப்பதை மறக்க வேண்டாம். 1 மீட்டரில் சில சென்டிமீட்டர் தள்ளிப்போகும், குதிரைவீரன் தலைக்கு மேலே கொஞ்சம் இடம் விட்டே ஃப்ரேம் பண்ணுங்கள்.

சத்துவாச்சாரி-35:

மேல்கீழ் சேர்ந்துடுச்சு. இன்ஃபினிட்டி நாளைக்குக் காலையில. நூறு தடவை அடிச்சதுல 1/500 பரவாயில்லை, இருட்டு முக்கால்வாசி போயிடுச்சு. ஒரே ஒரு சந்தேகம்: ஃபிலிமை லோட் பண்ணும்போது நுனியை நீளமா வெட்டணும்னு எங்கேயோ படிச்சேன், உண்மையா?

பாலாற்றங்கரை:

அது அடிவழியாக ஃபிலிம் நுழைக்கும் ஃபெட்-1, ஸோர்க்கி-1-க்கு. உங்களுடையதில் பின்பக்கம் முழுதாகக் கழல்வதால் கடை ரோலை அப்படியே போடலாம். நுனியைச் சுருட்டும் ஸ்பூலின் தகட்டுக்கு அடியில் செருகி, பற்கள் இரண்டு பக்க ஓட்டையிலும் மாட்டும் வரை ஏற்றிவிட்டு மூடுங்கள். அந்த ஸ்பூல் தனியாகக் கழலும் சாமான், கவிழ்த்தால் விழுந்துவிடும், தொலைந்தால் கேமரா ஓடாது. ஏற்றும்போது ரிவைண்ட் குமிழும் சேர்ந்து சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றவில்லை என்றால் ஃபிலிம் மாட்டவில்லை, 36 படமும் காற்றில் போகும். எண்ணிக்கைத் தட்டை நீங்கள்தான் கையால் 0-க்குத் திருப்ப வேண்டும்.

ரோல் முடிந்ததும் ஏற்றும் குமிழ் இறுகும். அங்கேயே நிறுத்துங்கள், வலிந்து திருகினால் பல் ஓட்டை கிழியும். ஷட்டர் பட்டனைச் சுற்றிய வளையத்தைத் திருப்பி விடுவித்த பிறகு ரிவைண்ட் செய்யுங்கள். அடுத்த ரோலைப் போடும் முன் அந்த வளையத்தைப் பழைய நிலைக்குத் திருப்ப மறந்தால் ஷட்டர் ஏறாது, பயந்துபோய் மறுபடி இங்கே வந்து கேட்பீர்கள்.